சத்தத்தைக் கேட்காம கியர்பாக்ஸை இறக்காதீங்க

சின்ன வெங்காய வெலையப் பத்தி எழுதறேன்னு போன வாரம் சொல்லியிருந்தேன். அதை அடுத்த வாரத்துக்குத் தள்ளி வச்சிட்டேன். காரணம் இருக்கு. இந்த மாசம் மட்டும் எங்க பக்கத்துல ரெண்டு பேரு, பழைய ஜீப்புக்கு கியர்பாக்ஸ் வேலைன்னு பணத்தைக் கொட்டிட்டு வந்திருக்காங்க. ரெண்டு வண்டியிலயும் சத்தம் போகல. ஒருத்தர் கொடுத்தது முருங்கை வித்த காசு. இன்னொருத்தர் கொடுத்தது வீட்டம்மா நகையை அடகு வச்ச காசு.

அதனால நேராவே சொல்லிடறேன். உங்க வண்டியில ஏறி ஒரு கிலோமீட்டர் ஓட்டிப் பார்க்காம, நின்ன இடத்துலயே "கியர்பாக்ஸ் போச்சுங்க, இறக்கணும்"னு சொல்ற பட்டறைக்கு ஒரு ரூபா கூடக் கொடுக்காதீங்க. சாவியைத் திருப்பி வாங்கிட்டு வந்துடுங்க. சத்தம் எங்கிருந்து வருதுன்னு கண்டுபிடிக்க ஒழுங்கான வழி இருக்கு. அதுல பெரும்பாலானதுக்கு அரை மணி நேரம் போதும், ஒரு போல்ட்டைக் கூடக் கழட்ட வேண்டியதில்ல. அந்த அரை மணி நேரத்தைச் செலவு பண்ண மனசில்லாதவங்கதான் நம்ம தலையில இருபதாயிரத்தைக் கட்டறாங்க.

என்கிட்ட இருக்கறது 1996-ல பதிவு பண்ணின மஹிந்திரா ஜீப். நாலு கியர், பின் சக்கரம் மட்டும் இழுக்கற வண்டி. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குத் தக்காளிப் பெட்டி போறதும் இதுலதான், உரமூட்டை வர்றதும் இதுலதான். பாச்சலூர், தாண்டிக்குடின்னு மலைப்பக்கம் போனீங்கன்னா இந்த மாதிரி ஜீப்புகதான் இன்னும் ஆளையும் சரக்கையும் ஏத்திட்டு ஓடிட்டு இருக்கு. 15 வருஷம் தாண்டின காரு, ஜீப்புக்கு ஆர்.சி. புதுப்பிக்கறதுக்கு முன்ன 600 ரூபாயா இருந்த கட்டணம் 2022 ஏப்ரல்ல 5000 ஆச்சு. அதையும் கட்டிட்டுத்தான் ஓட்டறோம். புதுசு வாங்க வழியில்லாததாலதான் ஓட்டறோம். இந்த லட்சணத்துல தேவையில்லாத வேலைக்கு ரெண்டு தடவை காசு கொடுத்துட்டா, "இந்த வண்டி இனிக் கட்டுபடியாகாது"ன்னு நாமளே எடைக்குப் போட்டுடுவோம். நல்ல இன்ஜினோட மூணு ஜீப்பு இப்படி இரும்புக் கடைக்குப் போனதை நான் பார்த்திருக்கேன்.

ஏன் எல்லாச் சத்தத்துக்கும் கியர்பாக்ஸ் மேலயே பழி விழுதுன்னு முதல்ல சொல்றேன். இன்ஜின் சுத்தறது சக்கரத்துக்குப் போய்ச் சேர்ற வழியில வரிசையா நிறைய பாகம் இருக்கு. கிளட்ச், கியர்பாக்ஸ், அதுக்குப் பின்னாடி நீளமா ஓடற புரொப்பல்லர் ஷாஃப்ட், அதோட ரெண்டு முனையிலயும் கிராஸ், பின்னாடி ஹவுசிங்குக்குள்ள கிரவுன் பினியன், ஆக்சில், வீல் பேரிங், கடைசியா டயர். இதுல எது கத்தினாலும் சத்தம் இரும்புச் சேஸ் வழியா ஓடி வருது. டிரைவர் உட்கார்ற இடம் எது? கியர்பாக்ஸுக்குப் பக்கத்துல. கியர் லீவர் அடியில இருக்கற ரப்பர் பழைய வண்டியில கிழிஞ்சுதான் கிடக்கும். அந்த ஓட்டை வழியா எல்லாச் சத்தமும் உள்ள வருது. அதனால எது கெட்டாலும் "கியர்பாக்ஸ்ல சத்தம்"னுதான் நாம போய்ச் சொல்றோம். நாம சொன்னதையே பட்டறைக்காரர் திருப்பிச் சொல்லி பில்லு போடறார்.

ஆனா ஒவ்வொரு பாகமும் ஒவ்வொரு நேரத்துல சுத்துது, ஒவ்வொரு நேரத்துல நிக்குது. எது சுத்தறப்ப சத்தம் வருது, எது நிக்கறப்ப சத்தம் போகுதுன்னு பார்த்தாலே பாதி வேலை முடிஞ்சுது. எப்படின்னு சொல்றேன். பொறுமையாப் படிங்க, பட்டறைக்குப் போறப்ப உதவும்.

முதல்ல வண்டியை நிறுத்தி வச்சே பாருங்க. இன்ஜின் ஓடட்டும், நியூட்ரல்ல இருக்கட்டும், கிளட்ச்ல இருந்து காலை எடுத்துடுங்க. இப்ப கியர்பாக்ஸுக்குள்ள முன் ஷாஃப்டும் அடியில இருக்கற கவுண்டர் ஷாஃப்டும் சுத்திட்டு இருக்கும். அப்புறம் கிளட்ச்சை முழுசா மிதிங்க. ரெண்டும் நின்னுடும். மிதிச்சதும் கரகரப்பு போயிருச்சுன்னா, கியர்பாக்ஸ் முன் பேரிங்கையோ கவுண்டர் ஷாஃப்ட் பேரிங்கையோ சந்தேகப்படலாம். அதுலயும் லேசான கரகரப்பு பழைய டீசல் வண்டியில சகஜம், பயப்படாதீங்க. அதுக்கு எதிரா, மிதிச்சாத்தான் சத்தம் வருது, விட்டா போயிடுதுன்னா அது கிளட்ச் பேரிங். கியரைப் போட்டு கிளட்ச்சை மிதிச்சுட்டு நிக்கறப்ப மட்டும் கீச்சுன்னு கத்துதுன்னா பிளைவீல் நடுவுல இருக்கற சின்ன பைலட் பேரிங். இந்த ரெண்டுக்கும் கியர்பாக்ஸைப் பின்னாடி நகர்த்தித்தான் ஆகணும், நியாயம். ஆனா கியர்பாக்ஸைப் பிரிக்க வேண்டியதில்ல. நகர்த்தற கூலி வேற, பிரிக்கற கூலி வேற.

அடுத்தது ஓட்டிப் பார்க்கறது. ஒரே ஒரு கியர்ல மட்டும் ஊளையிட்டா அந்தக் கியரோட பல்லு. ஒண்ணு, ரெண்டு, மூணுல சத்தம் இருந்து, நாலுல அமைதியாயிட்டா கவுண்டர் ஷாஃப்ட் பக்கம் பாருங்க. ஏன்னா நாலு கியர் ஜீப்புல டாப் கியர்ல இன்ஜின் சுத்து நேரா வெளிய போயிடும், கவுண்டர் ஷாஃப்ட் மேல பாரம் ஏறாது. அஞ்சு கியர் வண்டின்னா பெரும்பாலும் நாலாவது கியர்தான் இப்படி நேரா போறது.

மூணாவதுதான் முக்கியமானது. காலியான சம ரோட்டுல முப்பது கிலோமீட்டர் வேகத்துல மூணாவது கியர்ல போங்க. அதே முப்பதுல டாப் கியருக்கு மாத்துங்க. இன்ஜின் சுத்து குறையும், வண்டி வேகம் அதேதான். இன்ஜின் சுத்தோட சேர்ந்து சத்தமும் மாறுச்சுன்னா கோளாறு கியர்பாக்ஸ்லயோ அதுக்கு முன்னாடியோ இருக்கு. சத்தம் கொஞ்சம் கூட மாறலைன்னா அது கியர்பாக்ஸுக்குப் பின்னாடி, சக்கரத்தோட சேர்ந்து சுத்தற பாகத்துல இருக்கு. அப்படியே நியூட்ரலுக்குத் தள்ளி உருள விடுங்க. இன்ஜினை அணைக்கக் கூடாது, எறக்கத்துல இந்த வேலை பண்ணவே கூடாது. உருள்றப்பவும் சத்தம் அதே மாதிரி இருந்துச்சுன்னா பெரும்பாலும் வீல் பேரிங் இல்ல டயர். மாறாக, ஆக்சிலேட்டர் கொடுத்தா ஒரு மாதிரி, விட்டா வேற மாதிரி ஊளையிட்டா கிரவுன் பினியன் பக்கம். வீல் பேரிங்குக்கு ஆக்சிலேட்டர் மிதிக்கறதும் விடறதும் பெருசாத் தெரியாது.

நாலாவது, வளைச்சுப் பாருங்க. அகலமான களத்துலயோ காலி மைதானத்துலயோ மெதுவா வலது பக்கம் வளைச்சா பாரம் இடது சக்கரத்து மேல சாயும். அப்ப சத்தம் கூடுச்சுன்னா பொதுவா இடது பக்க பேரிங். இடது பக்கம் வளைக்கறப்பக் கூடுச்சுன்னா வலது. நேராப் போறப்ப ஒண்ணுமில்லாம வளைக்கறப்ப மட்டும் பின்னாடி கடகடன்னா டிஃபரன்ஷியல் உள்ள இருக்கற சின்னப் பல்லுகளைப் பார்க்கச் சொல்லுங்க. தார் ரோட்டுல ஒரு சத்தம், மண் ரோட்டுல வேற சத்தம்னா அது டயர். மேடு பள்ளமாத் தேஞ்ச டயரு அப்படியே பேரிங் மாதிரியே ஊளையிடும். முன் டயரைப் பின்னாடியும் பின் டயரை முன்னாடியும் மாத்திப் போட்டா சத்தமும் இடம் மாறும். இதுக்குச் செலவு ஜாக்கி தூக்கற தெம்பு மட்டும்தான்.

அப்புறம் அந்த "டக்". கிளட்ச்சை விட்டு வண்டி கிளம்பறப்ப, இல்ல ரிவர்ஸ்ல இருந்து முன்னால எடுக்கறப்ப ஒரு அடி விழுகுதுல்ல, அதுக்கும் கியர்பாக்ஸ்னுதான் சொல்லுவாங்க. சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல்லு வச்சு, இன்ஜினை அணைச்சு, நியூட்ரல்ல போட்டு, புரொப்பல்லர் ஷாஃப்டைக் கையால பிடிச்சு இப்படியும் அப்படியும் திருகிப் பாருங்க. கிராஸ்ல ஆட்டம் இருந்தா கண்ணுக்கே தெரியும். மெதுவாப் போறப்ப கிச் கிச்னு தாளம் தப்பாம வருதா? டயர்ல சாக்பீஸ்ல ஒரு கோடு போட்டு, ஒருத்தரைப் பக்கத்துல நடக்கச் சொல்லுங்க. சக்கரம் ஒரு சுத்துக்கு ஒரு கிச் வந்தா சக்கரத்துல கோளாறு. ஒரு சுத்துக்கு நாலஞ்சு கிச் வந்தா ஷாஃப்டு, கிராஸ். ஏன்னா சக்கரம் ஒரு தடவை சுத்த, ஷாஃப்டு நாலஞ்சு தடவை சுத்தும். கிராஸ் வெறும் கிரீஸ் இல்லாமக் கூடக் கத்தும். நாலு கப்புலயும் பழைய கிரீஸ் வெளிய பிதுங்கற வரைக்கும் அடிச்சுப் பார்த்துட்டு அப்புறம் மாத்தறதைப் பத்திப் பேசுங்க.

இதெல்லாம் படிச்ச இன்ஜினியர் வேலை இல்லைங்க. நான் பள்ளிக்கூடத்தோட நிறுத்தினவன். போன தை மாசம் என் ஜீப்பு நாப்பதுல போனா ஊ...ன்னு கத்த ஆரம்பிச்சுது. டவுன்ல ஒரு பட்டறைக்குக் கொண்டு போனேன். பேரு வேண்டாம். பையன் ஒருத்தன் ஸ்டார்ட் பண்ணி ரெண்டு தடவை உறுமவிட்டான். முதலாளி கல்லாவுல இருந்தே "கியர்பாக்ஸுங்க, உள்ள செட்டோட மாத்திடலாம், கூலியோட 22,000 ஆகும்"னார். "ஓட்டிப் பார்த்தீங்களா?"ன்னு கேட்டேன். "எங்க அனுபவத்துக்குக் கேட்டாலே தெரியுமுங்க"ன்னார். நிக்கற வண்டியில அந்தச் சத்தமே வராதுங்க! வராத சத்தத்தைக் கேட்டு 22,000 சொன்ன அனுபவத்துக்குக் கும்பிடு போட்டுட்டு வண்டியை எடுத்துட்டு வந்துட்டேன்.

குளத்துக்கரை ரோட்டுல மேல சொன்னபடி ஓட்டினேன். மூணாவது கியர்லயும் டாப்லயும் நியூட்ரல்லயும் ஒரே ஊளை. வலது பக்கம் வளைச்சாக் கூடுது, இடது பக்கம் வளைச்சா அடங்குது. அஞ்சு கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி, நாலு சக்கரத்து நடுப்பாகத்துலயும் புறங்கையைக் கிட்ட கொண்டு போய்ப் பார்த்தேன். முன் இடதுல மட்டும் சூடு அடிக்குது. ஜாக்கி வச்சுத் தூக்கி, மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டினா சக்கரம் ஆடுது, சுத்தினா மணலை அரைக்கற மாதிரி இருக்கு. எங்க ஊரு மேஸ்திரி வேப்பமரத்தடியிலயே கழட்டினாரு. உள் பேரிங், வெளி பேரிங், சீல், கிரீஸ் 1,250. அவரு கூலி 400. அடுத்த பொங்கலும் வந்து போச்சு, வண்டி சத்தமில்லாம ஓடுது. 22,000 எங்க, 1,650 எங்க?

இதைச் சொன்னா பட்டறைக்காரங்க மூணு பதில் சொல்றாங்க. ஒண்ணு, "கம்ப்யூட்டர் மாட்டிப் பார்த்தாத்தான் தெரியும்". ஐயா, என் ஜீப்புல கம்ப்யூட்டர் மாட்ட ஓட்டையே கிடையாது. புது வண்டியிலயும் சாதாரண வீல் பேரிங் தேஞ்சு கத்தினா அந்தப் பெட்டி நேரடியாச் சொல்லாது. காதுதான் கேட்கணும்.

ரெண்டு, "பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும், ஓட்டுங்க". இது முதலாவதை விட மோசம். கிராஸ் உடைஞ்சா ஷாஃப்ட் ரோட்டுல விழும், இன்ஜின் பிடிமானம் போயிடும். மலை எறக்கத்துல இன்ஜின் பிடிமானம் இல்லாம வெறும் பிரேக்கை நம்பி வர்றது என்னன்னு தாண்டிக்குடி ரோட்டுல வண்டி ஓட்டறவங்களைக் கேளுங்க. வீல் பேரிங் சிக்கினா சக்கரமே கழண்டு போகலாம். பின்னாடி தோட்ட வேலைக்குப் போற பொம்பளைங்க பத்துப் பேரு உட்கார்ந்திருப்பாங்க. தேவையில்லாம கியர்பாக்ஸை இறக்கறவரும், தேவையான பேரிங்கைப் பார்க்காம விடறவரும் என் கணக்குல ஒண்ணுதான். ரெண்டு பேருமே கேட்டுப் பார்க்கல.

மூணு, "மொத்தமா மாத்திட்டா நிம்மதி". யாருக்கு நிம்மதி? நல்லா இருக்கற கியர்பாக்ஸைத் தூசி பறக்கற இடத்துல பிரிச்சு, பழைய நல்ல பாகத்தைத் தூக்கிப் போட்டுட்டுத் தரமில்லாத புதுசைப் போட்டா, இல்லாத சத்தமும் வரும். பிரிக்கறதுக்கு முன்னாடி ஆயிலை இறக்கிப் பாருங்கன்னு சொல்லுங்க. ஆயில் பிளக் காந்தத்துல சாம்பல் மாதிரி நைசாப் பசை ஒட்டியிருந்தா அது சாதாரணத் தேய்மானம். இரும்புச் சில்லு, பல்லு உடைஞ்ச துண்டு வந்தாத்தான் பிரிக்கணும். பித்தளை மினுக்கினா உள்ள ரிங் தேயுது. ஆயில் பால் மாதிரி வெளுத்திருந்தா தண்ணி புகுந்திருக்கு. மழைக்காலத்துல ஓடையில இறக்கி ஓட்டற வண்டிக்கு இது நடக்கும். சூடான ஹவுசிங் சடார்னு குளிர்ந்தா உள்ள காத்துச் சுருங்கும். மேல இருக்கற மூச்சுக்குழாய் சேத்துல அடைஞ்சிருந்தா சீல் வழியா தண்ணியை உறிஞ்சிக்கும். அந்தக் குழாயைக் குத்திச் சுத்தம் பண்ணிட்டு 90 நம்பர் கியர் ஆயிலை மாத்தினாலே பல கிரவுன் பினியன் தப்பிக்கும்.

பாகம் மாத்தினா, பழசைக் கையில வாங்குங்க. பேரிங்குன்னா அதுமேல நம்பர் அடிச்சிருக்கும். அந்த நம்பர் உலகம் பூரா ஒண்ணுதான். 6205-ன்னு இருந்தா எந்த ஊர்ல வாங்கினாலும் உள் அளவு 25 மில்லிமீட்டர், வெளி அளவு 52, அகலம் 15. "இந்த வண்டிக்குன்னு தனியா வரும், எங்ககிட்டதான் கிடைக்கும்"னு சொன்னா அந்த நம்பரை எழுதிக்கிட்டு பேரிங் கடையில போய்க் கேட்டுப் பாருங்க.

இப்ப மெக்கானிக்குங்க பக்கத்து நியாயத்தையும் சொல்லணும், இல்லைன்னா இது வெறும் திட்டாப் போயிடும். நம்ம ஆளுங்க என்ன பண்றாங்க? மேஸ்திரி அரை மணி நேரம் வண்டியை ஓட்டி, அடியில படுத்து, "இந்தப் பேரிங்தான்"னு கண்டுபிடிச்சுச் சொன்னா, "சும்மா பார்த்ததுக்கு எதுக்குங்க காசு"ன்னு கிளம்பிடறாங்க. அதே ஆளு 15,000 ரூபா பாகத்துக்கு பில்லு கொடுத்தா வாயை மூடிட்டு எண்ணி வைக்கறாங்க. கண்டுபிடிக்கறதுக்குக் கூலி இல்ல, பாகத்துல மட்டும்தான் லாபம்னா, எந்தப் பட்டறைக்காரர் காதைத் தீட்டிட்டு உட்கார்ந்திருப்பார்? பாகத்தைத்தான் விப்பார். மாடு படுத்துக் கிடந்தா வைத்தியர் வந்து பார்த்ததுக்கே கும்பிட்டுக் காசு கொடுக்கறோம். ஊசி போட்டாத்தான் காசுன்னு சொல்றதில்லையே. வண்டிக்கும் அதே மரியாதை வேணும்.

அதனால நான் சொல்ற முறை இது. பட்டறைக்குப் போனதும் "பார்க்கற கூலி இருநூறோ முந்நூறோ தனியாத் தர்றேன், என்னையும் ஏத்திட்டு ஓட்டிக் காட்டுங்க"ன்னு சொல்லுங்க. எந்தக் கியர், எந்த வேகம், கிளட்ச் மிதிச்சாக் கூடுதா குறையுதா, எந்தப் பக்கம் வளைச்சா வருதுன்னு வீட்டுலயே பார்த்து ஒரு துண்டுச் சீட்டுல எழுதிட்டுப் போங்க. "கியர்பாக்ஸ்ல சத்தம்"னு சொல்லாதீங்க. "நாப்பதுல வருது, நியூட்ரல்ல உருட்டினாலும் வருது"ன்னு சொல்லுங்க. நல்ல மெக்கானிக் அந்தச் சீட்டைப் பார்த்தா சந்தோஷப்படுவார். கோவிச்சுக்கிட்டா அவரு யாருன்னு உங்களுக்குத் தெரிஞ்சு போச்சு.

ஒரே ஒரு எச்சரிக்கை. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில தலையை விடாதீங்க. ஸ்டாண்டோ பெரிய மரக்கட்டையோ முட்டுக் கொடுத்து, மத்த சக்கரத்துக்குக் கல்லு வச்சுட்டுத்தான் போகணும். சத்தத்தை நாளைக்குக் கூடக் கண்டுபிடிச்சுக்கலாம்.

எங்க ஊரு மேஸ்திரிக்கு வயசு எழுபதைத் தாண்டிருச்சு. நீளமான ஸ்க்ரூ டிரைவரோட நுனியை ஹவுசிங் மேல வச்சு, பிடியைக் காதுல ஒட்டிக் கேட்டுட்டே "இதுதான்"னு விரலை வைப்பார். அவர்கிட்ட வேலை கத்துக்க ஒரு பையன் கூட இல்ல. கேட்டா, "பாக்கறதுக்கு எவன் காசு தர்றான், பையன் எதுக்கு வர்றான்"ங்கறார். அந்த முந்நூறு ரூபாயை நாம கொடுக்க ஆரம்பிச்சாத்தான் அடுத்து ஒருத்தன் அந்த ஸ்க்ரூ டிரைவரைக் கையில எடுப்பான். இல்லைன்னா இன்னும் பத்து வருஷத்துல நம்ம பக்கம் பாகம் விக்கறவங்க மட்டும்தான் இருப்பாங்க.

வெங்காயம் அடுத்த வாரம்.